கத்திக்கு முன்னும் பின்னும்

ஓசூரில் பிளாஸ்டிக் சர்ஜரி செய்யும் வைத்தியன் என்று சொன்னவுடன், கேட்பவர் மனத்தில் சினிமா நட்சத்திரங்களின் மூக்கும் உதடும் தோன்றுவது இயல்பு. ஆனால் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டன் கடிகார ஆலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அவற்றுக்கு உதிரிப்பாகம் அடித்துக் கொடுக்கும் சிறு பட்டறைகள் சந்துக்குச் சந்து பெருகிவிட்ட இந்த ஊரில், என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி பவர் பிரஸ்ஸில் நசுங்கிய விரல்களோடும், உருளைகளில் சிக்கித் தோலுரிந்த முன்கைகளோடும், உலையருகே நேர்ந்த தீக்காயங்களோடும்தான் கழிந்திருக்கிறது. அழகுக்காக வருகிறவர்கள் பின்னால் வந்தார்கள். இன்று வாரந்தவறாமல் வருகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன் என்றாலும், நசுங்கிய கைகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எலும்பும் தசைநாணும் வெளியே தெரியுமளவுக்குத் தோல் போய்விட்ட ஒரு கை வந்தால், 1972-ஆம் ஆண்டில் மக்கிரெகர், ஜாக்ஸன் என்ற இருவர் விவரித்த முறைப்படி, அடிவயிற்றின் ஓரத்தில் தொடை இடுக்குக்குச் சற்று மேலே, நீள்வாக்கில் ஒரு தோல்பகுதியை அதற்குரிய ரத்தநாளத்தோடு உயர்த்தி, காயத்தின்மேல் போர்த்தித் தைத்து, புது ரத்த ஓட்டம் ஏற்படும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் அந்தக் கையை இடுப்போடு சேர்த்து வைத்திருப்போம். இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததனால் வயிற்றுத் தோலின்மீது எனக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று. எந்த நாளம் எங்கிருந்து புறப்பட்டு வருகிறது, எவ்வளவு இழுத்தால் அத்தோல் வெளுக்கும், எப்போது நீலம் பாரிக்கும், எந்த நிறத்தைக் கண்டவுடன் ராத்திரி என்றும் பாராமல் தையலைத் தளர்த்த வேண்டும் என்பவையெல்லாம் புஸ்தகத்தில் உள்ளவையே. ஆனாலும் வார்டில் டார்ச் விளக்கோடு நின்று பார்த்தவனுக்கே அவை கைவரும். பிற்பாடு அதே அடிவயிற்றுத் தோலைத் தொங்குகிறது என்பதற்காக அறுத்து எடுக்கும்படி கேட்டு வந்தவர்களிடம் நான் நிதானம் தவறாமல் நடந்துகொண்டதற்கு இந்தப் பயிற்சியே காரணம்.

உடல்வடிவம் திருத்தும் சிகிச்சையைப் பற்றி எனக்கு உறுதியாக ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம் இதுதான்: அதன் பலாபலன், மேஜைமேல் நடக்கும் மூன்று மணி நேரத்தில் தீர்மானமாவதைக் காட்டிலும், யாரை மேஜைமேல் ஏற்றலாம் என்ற முன்யோசனையிலும், ஏற்றி இறக்கியபின் வரும் வாரங்களில் யார் அவரைக் கவனித்துக்கொள்கிறார் என்பதிலுமே அதிகமாகத் தீர்மானமாகிறது. பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், மாநில எல்லைக்கு இப்பால் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது தினசரி பிரத்தியட்சம்.

கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் லைப்போசக்ஷன் சிகிச்சையின் பூர்வகதை துயரமானது. 1920-களில் பிரான்ஸில் துஜாரியே என்ற சர்ஜன், ஒரு நாட்டியப் பெண்ணின் கால்களை மெலிதாக்கிக் கொடுப்பதற்காகக் கருப்பையைச் சுரண்டும் கருவியால் கொழுப்பைச் சுரண்டப்போய், ரத்தநாளம் சேதமுற்று, அவளுடைய காலையே வெட்டி எடுக்கும்படி நேர்ந்தது. அதற்குப் பின் நெடுங்காலம் இத்துறையில் கைவைக்கப் பெரும்பாலோர் அஞ்சினர். 1970-களின் நடுவில் ரோமாபுரியில் பிஷர் என்ற தந்தையும் மகனும், அவர்களை அடுத்துப் பாரிஸில் இலூஸ் என்பவரும், சுரண்டுவதை விட்டுச் சிறு துவாரத்தின் வழியே குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். இலூஸ் செய்த பெரிய உபகாரம், குழாயின் நுனியைக் கூராக்காமல் மழுங்கலாக வைத்ததே. கொழுப்பினூடே ஓடும் நரம்புகளையும் நாளங்களையும் மழுங்கிய நுனி விலக்கிக்கொண்டு போகும், வெட்டாது. ஆயினும் ரத்தச் சேதம் குறையவில்லை. உறிஞ்சி எடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் ரத்தமாகவே வந்துகொண்டிருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜெப்ரி கிளைன் என்ற தோல் வைத்தியர். ஒரு லிட்டர் உப்பு நீரில் ஒரு மில்லிகிராம் அட்ரினலினும், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினும் கலந்து, கொழுப்புப் பகுதி விறைத்துக்கொள்ளும்வரை முதலில் உள்ளே செலுத்திவிட்டு, நாளங்கள் சுருங்குவதற்கு அவகாசம் கொடுத்து, அதன்பின் உறிஞ்சுவது அவர் 1987-இல் வெளியிட்ட முறை. டியூமசென்ட் என்று எங்கள் தொழிலில் வழங்கும் இம்முறையால், ரத்தச் சேதம் உறிஞ்சி எடுப்பதில் நூற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. குழாயில் வரும் கொழுப்பின் நிறத்தைப் பார்த்தே இதை அறியலாம்: வெண்ணெய் உருகினாற்போன்ற மஞ்சளாக வந்துகொண்டிருக்கும்வரை வேலை தொடரலாம்; இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கினால் அந்த இடத்தை விட்டு விலகிவிட வேண்டும். அட்ரினலின் கலந்த லிக்னோகெயினைச் சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு ஏழு மில்லிகிராமுக்கு மேல் பிரயோகிப்பதில்லை. கிளைன் தம் முறையில் முப்பத்தைந்து வரையில் அபாயமில்லை என்று காட்டினார். ஏனெனில் கொழுப்புக்குள் செலுத்திய மருந்து மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. ஆனால் இதிலேயே ஒரு சூக்ஷ்மம் அடங்கியிருக்கிறது: அம்மருந்து ரத்தத்தில் உச்ச அளவை எட்டுவது ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் கழித்து. காலையில் சிகிச்சை முடித்து மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், உச்சநேரத்தில் நோயாளி தம் வீட்டுக் கட்டிலில், வைத்திய அறிவு இல்லாத உறவினரின் பார்வையில் இருப்பார்.

இந்தச் சிகிச்சையால் எது முடியாது என்பதைச் சொல்வதற்கே என் ஆலோசனை நேரத்தின் பெரும்பகுதி செலவாகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாம்பழ மண்டிக்காரர்களும், ஆலைகளில் மேற்பார்வையாளராக உட்கார்ந்த வேலை பார்ப்பவர்களும், சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, ‘தொப்பையை உறிஞ்சிவிட்டால் சர்க்கரையும் இறங்கிவிடும் அல்லவா, சார்?’ என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்களை மல்லாந்து படுக்கச் சொல்வேன். தோலுக்கடியில் உள்ள கொழுப்பானால் படுத்தவுடன் வயிறு பக்கவாட்டில் சரிந்து தணியும்; விரல்களால் கற்றையாகப் பற்றலாம். படுத்தபின்னும் மேடாகவே நின்று, பற்றிப் பார்த்தால் இரண்டு விரற்கடைத் தோல்கூட அகப்படாத வயிறென்றால், கொழுப்பு முழுவதும் உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது. அங்கே என் குழாய் போகக்கூடாது. நம் தேசத்தாரின் உடல்வாகு இந்த விதமானதே. அதனால்தான் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு தொண்ணூறு சென்டிமீட்டரையும் பெண்களுக்கு எண்பதையும் தாண்டினாலே எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று இந்திய வைத்திய நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள்.

தோலடிக் கொழுப்பை எடுத்தால்கூடச் சர்க்கரை வியாதி குணமாவதில்லை. அமெரிக்காவில் சாமுவேல் கிளைன் என்பவரும் அவருடைய சகாக்களும் பதினைந்து பருத்த பெண்களிடமிருந்து ஏறக்குறையப் பத்துக் கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துப் பார்த்தும், இன்சுலினுக்கு உடல் இசைந்துகொடுக்கும் தன்மையில் எவ்வித அபிவிருத்தியும் காணவில்லை என்று 2004-இல் எழுதினார்கள். கொலராடோவில் ஹெர்னாண்டஸ், எக்கல் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னொன்றைக் காட்டிற்று: தொடையில் எடுத்த கொழுப்பு ஓராண்டுக்குள் வயிற்றில் வந்து குடியேறுகிறது. ஆகையால் எடை குறைப்பதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்பவரை நான் இந்தச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆகாரத்தையும் நடையையும் திருத்தி, தேவையானால் அதற்குரிய வைத்தியரைப் பார்த்து, எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நின்றபிறகு, அப்போதும் ஓர் இடத்தில் மட்டும் கரையாமல் நிற்கும் கொழுப்பிருந்தால் வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் திரும்பி வருகிறார்கள். சிலர் அன்றைக்கே வேறிடம் தேடிப் போய்விடுகிறார்கள்.

பெண்களின் விஷயம் முற்றிலும் வேறு. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய நாற்பத்தைந்து சிசேரியன். அடிவயிற்றில் ஒன்றுக்கு இரண்டு தழும்பு, அதன்மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் தழும்பு, தொப்புளுக்கு மேலும் கீழும் விலகிப்போன வயிற்றுத் தசைகள், அவற்றுக்கிடையே இருமினால் புடைக்கும் இடைவெளி, மடிந்து தொங்கும் தோலின் அடியில் வேர்வை தேங்கிக் கோடைதோறும் புண்ணாகும் படை: இப்படிப்பட்ட சரீரத்தோடு எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்யும் பெண்களை இந்தப் பக்கத்து அசெம்பிளி லைன்களில் நிறையப் பார்க்கலாம்.

சூளகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், மின்னணுச் சாமான் செய்யும் ஆலையில் வேலை பார்ப்பவர். வீட்டில் தெலுங்கும் என்னிடம் தமிழும் பேசுவார். முதல் நாள் வெகுநேரம் முதுகுவலியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, கூட வந்த மாமியார் வெளியே போனபின், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “நாலு வருஷமா பஸ்ல எனக்கு எடம் குடுக்கறாங்க சார். ‘எத்தனாவது மாசம்மா?’னு கேக்கறாங்க. இல்லைன்னு சொல்ல வெக்கமா இருக்கு. ஒக்காந்துக்கறேன்.” மாமியார் திரும்பி வந்து, புள்ளை பெத்த வயிறு அப்படித்தான் இருக்கும், அதுக்குப் போய்க் கத்தி வைப்பாங்களா என்று என்னையே கேட்டார். அந்த மூதாட்டியின் கேள்வி எனக்கு அநியாயமாகப் படவில்லை. மருமகளை நின்றபடி இருமச் சொல்லி, தொப்புளருகே புடைத்ததை மாமியார் கையாலேயே தொட்டுப் பார்க்கச் செய்து, இது கொழுப்பல்ல, தசை விலகிய வழியாகக் குடல் தள்ளுகிறது அம்மா, என்று விளக்கினேன். அதன்பின் அவர் தடை சொல்லவில்லை.

ஆனால் உடனே சிகிச்சை செய்யவில்லை. ஹீமோகுளோபின் ஒன்பதைக்கூட எட்டாமல் இருந்தது. தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று அதே தேசியக் கணக்கு சொல்கிறது. என் ஆலோசனை அறையில் அது சர்வசாதாரணம். ரத்தமில்லாத உடலில் தையல் போட்டால் காயம் ஆறாது, தோலின் ஓரம் கறுக்கும். இரும்புச் சத்து மருந்தும் கேழ்வரகும் கீரையும் முட்டையுமாக மூன்று மாதம் தாமதித்தோம். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்திருந்தால் அதுவரையிலும் தாமதித்திருப்போம். தசையைச் சேர்த்துத் தைத்தபின் மறுபடி கர்ப்பம் தரித்தால் செய்த வேலை வீணாகும் என்பதோடு, தாய்க்கும் கஷ்டம்.

சிகிச்சை நாளன்று காலை, மயக்க மருந்துக்கு முன்பே, நிற்க வைத்துத்தான் கோடு போட வேண்டும். படுத்த உடலில் போட்ட கோடு நிற்கும் உடலுக்குப் பொருந்தாது. இடுப்பெலும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அடிவயிற்று மடிப்பினுள் ஒரு நீண்ட வளைகோடு வரும். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில் மேல்நாட்டுப் புஸ்தகங்கள் உள்ளாடைகளின் அமைப்பைக் கருதும். நான் பாவாடை நாடாவைக் கருதுவேன். ஆயுள் முழுவதும் இறுக்கி முடியப்போகும் நாடா, தழும்பின்மேல் உராய்ந்துகொண்டே இருந்தால் தழும்பு தடித்துச் சிவந்து அரிக்கும். ஆகையால் அவரவர் கட்டிக்கொள்ளும் வழக்கப்படி நாடாவை முடியச் சொல்லி, அதன் அச்சுக்கு நன்றாகக் கீழே தழும்பு அமையும்படி குறித்துக்கொள்வேன். சூளகிரி அம்மாளுக்குச் சிசேரியன் தழும்பும் வெட்டியெடுக்கும் பகுதிக்குள்ளேயே அடங்கிற்று.

வயிற்றைத் திருத்தும் இந்தச் சிகிச்சையை டம்மி டக் என்ற பெயரால் இப்போது எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் ஹவார்டு கெல்லி 1899-இல் தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்ததிலிருந்து அதன் சரித்திரம் தொடங்குவதாகக் கொள்வார்கள். பிரேஸில் தேசத்துப் பிட்டாங்கி 1960-களில் அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர்களுள் தலையாயவர். தோலையும் கொழுப்பையும் தசையுறையிலிருந்து பிரித்து மார்பெலும்பின் அடிவரை உயர்த்துவோம். தொப்புளை மட்டும் அதன் காம்போடு இருந்த இடத்திலேயே விட்டுவிடுவோம். விலகி நிற்கும் இரு தசைகளின் ஓரத்தையும், கோணிப்பையின் வாயைச் சேர்த்துத் தைப்பதுபோல, மேலிருந்து கீழ்வரை கெட்டியான நூலால் நடுக்கோட்டில் இணைப்போம். இந்தத் தையல் விழ விழ இடுப்பு கண்ணெதிரே உள்வாங்குவதைப் பார்க்கலாம். ஆனால் அதே சமயத்தில் மயக்க மருந்து வைத்தியர் சுவாசக் கருவியின் அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டிருப்பார். அளவுக்கு மீறி இறுக்கினால் மூச்சு தடைப்படும். ‘சார், பிரஷர் ஏறுது, போதும்’ என்று அவர் சொல்லுமிடத்தில் சர்ஜன் நின்றுவிட வேண்டும். பின்பு மேஜையை இடுப்பருகே மடக்கி, தோலைக் கீழே இறக்கி, மிகுந்ததை வெட்டி, தொப்புளுக்குப் புதுவாசல் திறந்து தைப்போம்.

தோலை உயர்த்திய இடத்தில் நீர் கோத்துக்கொள்வது இந்தச் சிகிச்சைக்குரிய நிரந்தரத் தொல்லை. இதற்காக இரண்டு டியூப்கள் வைத்து, ஒரு நாளில் வரும் நீர் முப்பது மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கியபின் எடுப்போம். பிரேஸிலின் பரூடி 1990-களிலும், அமெரிக்காவின் போலக் என்ற பெயருடைய இருவர் 2000-த்திலும் வற்புறுத்தியபடி, உயர்த்திய தோலைத் தசையுறையோடு வரிசை வரிசையாக உட்புறம் தைத்துவிட்டால் நீர் தங்குவதற்கு இடமே குறைகிறது. வெட்டுவாயின்மேல் விழும் இழுவையும் தணிகிறது. அரைமணிக்கு மேல் அதிக நேரம் பிடிக்கும் அலுப்பான வேலைதான். செய்த நோயாளிக்கும் செய்யாத நோயாளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டபின் அதை விட எனக்கு மனம் வரவில்லை.

அன்று மாலையே எழுப்பி நடக்க வைத்தோம். கூனிக்கொண்டுதான் நடக்க முடியும். ஒரு வாரமாவது நிமிரக்கூடாது. கால் நாளங்களில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடுவதே இந்தச் சிகிச்சையில் உயிருக்கு வரும் முதல் அபாயம். நடையும், கெண்டைக்கால்களை அமுக்கிவிடும் உறையும், அவசியமானவர்களுக்கு ஹெப்பாரின் ஊசியும் அதற்குக் காப்பு. ஆறு வாரம் பெல்ட். ஆறு வாரம் தண்ணீர்க்குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் தூக்கக்கூடாது. பன்னிரண்டாம் நாள் அந்த அம்மாள் வயிற்றில் கையை வைத்து, உள்ளே தண்ணீர் தளும்புகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஊசியால் உறிஞ்சி எடுத்து, பெல்ட்டைச் சரியாக இறுக்கி அனுப்பினேன்; மறுவாரம் கொஞ்சம் எடுத்தேன்; அதன்பின் ஊறவில்லை. பயப்படத்தக்க விஷயமல்ல. ஆனால் கவனிப்பாரற்று விட்டிருந்தால் சீழ் பிடித்துத் தையல் பிரிந்திருக்கும்.

ஓராண்டு சென்றபின்தான் பலனைச் சொல்லத் தகும். தழும்பு ஆறு மாதம்வரை சிவந்து தடித்திருந்து, பிறகு மெதுவாக வெளிறும். தொப்புளுக்குக் கீழே ஓரிடத்தில் மரமரப்பு பலருக்கு நீங்குவதேயில்லை. இதை முன்னதாகவே சொல்லிவிடுவது வைத்தியரின் கடமை. ஆஸ்திரேலியாவில் ஒன்பது சிகிச்சை நிலையங்களில் 214 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தசையைச் சேர்த்துத் தைத்த இந்தச் சிகிச்சைக்குப் பின் முதுகுவலியும், இருமும்போது சிறுநீர் கசியும் தொல்லையும் குறைந்ததாகக் கண்டார்கள். சூளகிரி அம்மாளுக்கும் முதுகுவலி பெரிதும் தணிந்தது. ஷிப்ட் பஸ்ஸில் இப்போது நின்றுகொண்டு வருவதாகச் சொன்னார்.

வாலிபர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆண்களுக்கு மார்பு பருத்திருப்பது ஏழாம் நூற்றாண்டில் ஈஜினாத் தீவின் பவுல் என்ற கிரேக்க வைத்தியர் சிகிச்சை எழுதிவைத்த அளவுக்குப் பழமையான குறை. ஆலையில் யூனிபாரம் மாற்றும் அறையில் சட்டையைக் கழற்றக் கூசி, இறுக்கமான பனியன் இரண்டு போட்டுக்கொண்டு, தோளைக் குறுக்கி நடந்து பழகிய பையன்கள் என்னிடம் வருகிறார்கள். முதல் வருகையில் பாதிப்பேர் வேறு ஏதோ காரணம் சொல்லித்தான் உட்காருகிறார்கள். உட்கொள்ளும் மருந்துகளையும், ஜிம்மில் போட்டுக்கொள்ளும் ஊசிகளையும் விசாரித்து, விதைகளையும் பரிசோதித்து, நோய்க்குறி எதுவும் இல்லையென்று நிச்சயித்துக்கொண்டபின், கொழுப்பை உறிஞ்சிவிட்டு, காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் சிறு அரைவட்டமாகக் கீறி, உள்ளேயுள்ள கெட்டியான சுரப்பியையும் எடுக்க வேண்டும். கொழுப்பை மட்டும் உறிஞ்சிச் சுரப்பியை விட்டுவிட்டால் கட்டி போலத் தெரிந்துகொண்டே இருக்கும். அப்படி அரைகுறையாகச் செய்துகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் தொழிலில் இவ்வளவு சிறிய சிகிச்சையால் இவ்வளவு பெரிய மனநிறைவு வேறெதிலும் நான் கண்டதில்லை.

இனி எல்லை விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் உயர்ந்த ஆஸ்பத்திரிகளும் என்னைக் காட்டிலும் திறமைசாலிகளான சர்ஜன்களும் உண்டு, அதில் சந்தேகமில்லை. என் கவலை, காலையில் சேர்த்து மாலையில் அனுப்பும் சிறு கிளினிக்குகளைப் பற்றியது. விளம்பரத்தைப் பார்த்து, தவணை முறையில் பணம் கட்டி, வீட்டில்கூடச் சொல்லாமல் சிகிச்சை செய்துகொண்டு, வலி மாத்திரையின் மயக்கத்தோடு எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலிலும் அத்திப்பள்ளி நெரிசலிலும் காலை மடக்கிக் காருக்குள் உட்கார்ந்து ஓசூர் வந்து சேர்கிறார்கள். எட்டாம் நாள், பத்தாம் நாள் வயிறு வீங்கிச் சிவந்தால், தொலைபேசியில் ‘அது சகஜம்தான்’ என்று பதில் வருகிறது. சில சமயம் பதிலே வருவதில்லை. என்னிடம் வரும்போது கையில் இருக்கும் காகிதத்தில் எவ்வளவு கொழுப்பு எடுத்தார்கள், எவ்வளவு லிக்னோகெயின் செலுத்தினார்கள், மயக்க மருந்து கொடுத்தவர் யார் என்பது எதுவும் இராது. கர்நாடகத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு மாநிலத்து அதிகாரிகளுக்கிடையே அலைந்து நியாயம் கேட்கும் சக்தி ஓர் ஆலைத் தொழிலாளிக்கு ஏது?

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் சிகிச்சை செய்துகொண்ட இருபத்தொரு வயதுக் கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் இறந்துபோன செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அந்த வாரம் என் ஆலோசனை அறையில் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே. கிரேசர், டி யோங் என்ற இருவர் அமெரிக்க சர்ஜன்களிடம் விசாரித்து 2000-த்தில் வெளியிட்ட கணக்கில், லட்சம் லைப்போசக்ஷன்களுக்கு ஏறக்குறைய பத்தொன்பது பேர் இறந்திருந்தனர். அவர்களில் நாலில் ஒருவருக்குக் கிட்ட ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்ததே காரணம். அக்கணக்கு அக்காலத்தது, இன்று கவனத்தோடு செய்யுமிடங்களில் அபாயம் அதைவிடக் குறைவு. எனினும் நோயில்லாத உடலில், அவசரமில்லாத ஒரு சிகிச்சையில் ஓர் உயிர் போவதற்கு நிகரான துக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

அழகு வசதியுள்ளவர்களுக்கே உரியதென்று நான் நினைப்பவனல்ல. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புச் சிகிச்சைகளை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்ய அரசாங்கம் முன்வந்தபோது, சுகாதாரப் பணத்தை இப்படிச் செலவிடலாமா என்று கண்டித்தவர்கள் உண்டு. மார்பகத்தின் கனத்தால் தோளும் கழுத்தும் நோகும் பெண்ணைத் தினமும் பார்க்கும் எனக்கு அந்த ஆட்சேபம் சரியென்று தோன்றவில்லை. பிறவிக் குறைக்கும் விபத்துக் காயத்துக்கும் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது; அழகுச் சிகிச்சைக்கு நூற்றுக்குப் பதினெட்டு. பிரசவத்தால் கிழிந்துபோன வயிற்றை இவ்விரண்டில் எந்தப் பக்கத்தில் வைப்பது? காப்பீட்டுக் கம்பெனிகள் பெரும்பாலும் அழகுப் பக்கத்தில்தான் வைக்கின்றன. தசை விலகிக் குடல் தள்ளும் வயிறு வியாதியே என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிகளிலேயே அதற்குச் சிகிச்சை கிடைக்கும் நாள் வர வேண்டும்.

இந்தச் சிகிச்சையை நாடும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். பெங்களூரிலோ சென்னையிலோ ஓசூரிலோ எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ஆனால் சர்ஜன் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு நிகரான பட்டம் பெற்றவரா, மயக்க மருந்து வைத்தியர் முழு நேரமும் உடனிருப்பாரா, தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா என்று முதலில் கேளுங்கள். கேட்பதற்குச் சங்கோசப்பட வேண்டாம். முதல் இரவை ஆஸ்பத்திரியிலேயே கழியுங்கள். வெளியூராயிருந்தால், பத்து நாளாவது அந்த சர்ஜனிடம் ஒரு மணி நேரத்தில் போய்ச்சேரக்கூடிய இடத்தில் தங்குங்கள். அதற்கு லீவும் பணமும் இல்லையென்றால், அவை சேரும்வரை சிகிச்சையைத் தள்ளிப் போடுங்கள். கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தாலும், மூச்சு வாங்கினாலும், விடியட்டும் என்று காத்திராமல் அந்த ராத்திரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.